ஒன்றிலிருந்து ஐந்து வரை

பம்பலப்பிட்டி, கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி.
கீழே ரயில் போனால் மேசையில் தேத்தண்ணி நடுங்கும்.
ஆலோசனைக் கம்பெனிப் பெடியன் ஒருவன்
ஆளுக்கொரு தாளும் பேனையும் தந்தான்.
பெயர் எழுதத் தேவையில்லையாம்.

கேள்வி ஏழு:
'நிறுவன விசுவாசமும் மனச்சாட்சியும் முரண்பட்டால்
நான் மனச்சாட்சியின் பக்கம் நிற்பேன்.'
ஒன்று, சற்றும் இல்லை.
ஐந்து, முற்றிலும் ஆம்.
இடையில் மூன்று வட்டங்கள்,
கடைசி பஸ் போன பிறகு
தரிப்பிடத்துக் கதிரைகள் மாதிரி.

அழகக்கோன் சேர்
ஊரடங்கு மாதங்களில் ஒருவர் சம்பளமும் வெட்டவில்லை.
பெற்றோல் இல்லாத நாட்களில்
இரவு முழுக்க வரிசையில் காரைத் தள்ளித் தள்ளி
விடியக் கிடைத்த பத்து லீற்றரில்
என் அம்மாவை டயாலிசிசுக்கு ஏற்றிப் போனவர்.
பின் சீற்றில் அம்மா சத்தி எடுத்தா.
தன் லேஞ்சியால் அவரே துடைத்தார்.
இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.
இதற்கு எத்தனை கிராம்?

மறு தட்டில்
நூற்றுப் பதினெட்டுப் பேர்.
ஆஸ்பத்திரி மாடிகளையும் வங்கிக் கழிப்பறைகளையும்
இரவில் கழுவுகிறவர்கள்.
மாதாமாதம் சேமலாப நிதிக்கென்று
அவர்கள் சம்பளத்தில் எட்டு வீதம் கழிகிறது.
கழிப்பது நான்.
என் விரல், என் எக்செல்.
அந்த எட்டும், கம்பெனி போடவேண்டிய பன்னிரண்டும்
பதினான்கு மாதமாகப்
போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

'அடுத்த காலாண்டில சேர்த்துக் கட்டுவம், தர்ஷி.
கம்பெனி தாண்டா அவையளும்தானே தாழுவினம்.'
முழுப் பொய் என்றால்
எனக்கு எவ்வளவு லேசாய் இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் வந்தது.
அவர்களுக்கும் தாள்.
பூங்காவனம் நேரே என்னிடம் வந்தாள்.
'கண்ணாடி கொண்டாரல மிஸ், நீங்களே போட்டுருங்க.'
வாசித்தேன்.
கேள்வி நான்கு:
'நிறுவனம் என்னிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது.'

வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.
இந்தக் கந்தோரில் ஒரு கேள்விக்கு
இவ்வளவு நேரம் யோசித்தவரை நான் கண்டதில்லை.
'அஞ்சு போடுங்க மிஸ்.'
பிறகு, சந்தேகத்தோடு,
'இருக்கிறதுல பெரிசு அஞ்சுதானே?'

வருகிற வைகாசியில் அவளுக்கு ஐம்பது.
அந்தக் காசு கைக்கு வந்தால்
வனாத்தமுல்லை வீட்டுக்குப் புதுத் தகரம்,
மகளுக்கு ஒரு தையல் மெசின்,
மிச்சத்தில் பல்.
சதம் பிசகாத கணக்கு, எழுதாமலே வைத்திருக்கிறாள்.

ஐந்தைக் கறுப்பாக்கினேன்.
பேனை மக்கர் பண்ணவில்லை.
நல்ல பேனை.

'உங்கட அங்கத்துவ இலக்கம் தெரியுமா?'
'அது என்னா மிஸ்?'
கணினியில் பார்த்து
ஒரு பழைய வவுச்சரின் முதுகில் எழுதினேன்.
கீழே: தொழில் திணைக்களம், நாரஹேன்பிட்டி.
எவ்வளவு சேர்ந்திருக்குதென்று கேளுங்கோ.
தனியாய்ப் போகாதேங்கோ,
நாலு பேராய்ப் போங்கோ.

நாலாய் மடித்து
போன் உறைக்குள் செருகினாள்.
வாளியைத் தூக்கியவள் திரும்பி நின்றாள்.
'யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டா?'

பதினொரு வருட வவுச்சர்கள்.
என் 'ழ'வின் வால் இங்கே எல்லாருக்கும் தெரியும்.
கீழே ஒரு ரயில் வந்து,
முழுசாய்ப் போய் முடிந்தது.
'கேட்டால் சொல்லுங்கோ' என்றேன்.
குரல் எனக்கே கேட்டதா தெரியவில்லை.
அவள் தலையாட்டினாள்.
கேட்டதற்கா, கேட்காததற்கா?

என் தாளில் ஏழாம் கேள்வி இன்னும் வெறுமை.
மடித்துக் கைப்பைக்குள் வைக்கும்போது
கார்ச் சாவியோடு சேர் வாசலில்.
'மழை வரப்போகுது.
வெள்ளவத்தைப் பக்கம்தான் போறன். வாங்கோ, இறக்கிவிடுறன்.'

ஏறினேன்.
பின் சீற்றில்.
காலி வீதி நெடுக சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் என்னைப் பார்த்து
'அம்மா எப்பிடி?' என்றார்.